உரிமை தங்கையிடம், பற்றுச்சீட்டு அண்ணனிடம்

கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பிரான்ஸில் பல ஆண்டுகள் இருந்தவள். 2015இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 2022இல் திருமணமாகி ஜேர்மனியில் டோர்ட்முண்டுக்கு வந்தேன். கணவர் இங்கே வளர்ந்தவர், ஜேர்மன் குடிமகன். என் அண்ணாவும் இதே ஊரில்தான் இருக்கிறார்; அவரும் ஜேர்மன் குடிமகன். தம்பி கனடாவில் இருக்கிறார். அப்பா காலமானபின் அம்மா யாழ்ப்பாணத்தில் நெல்லியடியில் எங்கள் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 71. பிரஷருக்கு மாத்திரை எடுப்பதைத் தவிர வேறு நோயில்லை.

சென்ற ஆண்டு அண்ணா அம்மாவைச் சுற்றுலா விசாவில் கூப்பிட்டுப் பார்த்தார். திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இப்போது நிரந்தரமாகவே கூப்பிடுவோம் என்கிறார். "நான் மூத்தவன், இந்த நாட்டுக் குடிமகன், முழுநேர வேலை இருக்கிறது, மாதாமாதம் அம்மாவுக்கு வங்கியில் காசு போடுபவனும் நான்தான், என் பெயரில் விண்ணப்பித்தால்தான் சரிவரும்" என்பது அவருடைய பேச்சு. நான் முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் இருபது மணிநேரம் வேலை செய்கிறேன். நானும் அம்மாவுக்கு அனுப்புகிறேன், ஆனால் வங்கியில் அல்ல, கடைக்காரர் வழியாக உண்டியலில். நானும் ஜேர்மன் குடியுரிமை எடுத்துவிட்டால் விண்ணப்பத்துக்குப் பலம் என்கிறார் கணவர். அம்மா வந்ததும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கும் ஒரு யோசனை உண்டு. நாங்கள் என்ன செய்வது?

வாசகி, டோர்ட்முண்ட்

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணாவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தூதரகத்துக்குப் புரியவைப்பதைவிடச் சிரமமாக இருக்கும் என்பதால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அண்ணா சொல்வது எல்லாமே நம் வீட்டு நியாயப்படி சரிதான். மூத்த பிள்ளை, இந்த நாட்டுக் குடிமகன், சம்பளமும் கூட. ஐரோப்பியச் சட்டம் இதிலெல்லாம் அக்கறை காட்டுவதில்லை. கூப்பிடுபவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடியுரிமையோடு இன்னொரு நாட்டில் போய் வாழ்கிறாரா என்பதுதான் அது முதலில் கேட்கும் கேள்வி. 2004ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க ஐரோப்பியப் பணிப்புரை (ஒன்றியத்தின் சட்டம்) அப்படி இடம்பெயர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டது. குடும்பத்தை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்ற தயக்கத்தால் யாரும் இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது என்பது அதன் எண்ணம். அதனால் வாழ்க்கைத்துணைக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டுமல்லாமல், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும்கூடக் கூடவந்து இருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. நீங்கள் பிரெஞ்சுக் குடிமகள், வாழ்வது ஜேர்மனியில். எனவே இந்த உரிமை உங்களுக்கு உண்டு. அண்ணா ஜேர்மன் குடிமகன், வாழ்வதும் ஜேர்மனியில். அவர் எந்த எல்லையையும் தாண்டாததால் ஐரோப்பியச் சட்டம் அவர் விஷயத்தில் தலையிடாது. உள்நாட்டுச் சட்டத்தின் கையில் விட்டுவிடும்.

அந்த உள்நாட்டுச் சட்டம் மிகவும் இறுக்கமானது. ஜேர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, வளர்ந்த பிள்ளை தன் தாயைக் கூப்பிடுவதென்றால் வழக்கத்துக்கு மாறான பெரும் இடர் ஒன்றைக் காட்ட வேண்டும். அம்மாவால் தனித்து வாழ முடியாது, இன்னொருவர் பராமரிப்பு இல்லாமல் நாளைக் கழிக்க முடியாது, அந்தப் பராமரிப்பு ஜேர்மனியில் உள்ள பிள்ளையிடம் மட்டுமே கிடைக்கும் என்று நிறுவ வேண்டும். முதுமை அதற்குப் போதாது; தனிமையும் போதாது. எல்லாம் நிறுவிய பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை. அவ்வளவு நோயுற்றவர் என்று மருத்துவச் சான்றிதழ்களை அடுக்கினால் அடுத்த கேள்வி, அவருடைய சிகிச்சைச் செலவுக்கு யார் காப்புறுதி தருவார்கள் என்பதாக இருக்கும். முதல் கதவைத் திறக்கும் காகிதமே இரண்டாவது கதவைச் சாத்திவிடும். உங்கள் அம்மா பிரஷர் மாத்திரையோடு சுகமாக நடமாடுகிறார். அண்ணாவின் பெயரில் போட்டால் மறுப்புக் கடிதம் நிச்சயம் என்றே சொல்வேன்.

அண்ணாவுக்குக் கோபம் வருகிற இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் அதே 36ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாக நீல அட்டை போன்ற தொழில்திறன் விசாக்களைப் பெற்றவர்கள், வாழ்க்கைச் செலவுக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் வழி காட்டினால், எந்த இடரையும் நிரூபிக்காமல் பெற்றோரைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். நேற்று கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கிய கணினிப் பொறியியலாளருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, முப்பது ஆண்டு வரி கட்டிய ஜேர்மன் குடிமகனுக்கு இல்லை. நாட்டுக்கு ஆள் தேவை, அதனால் ஆள் பிடிக்கச் சட்டம் போட்டார்கள். ஏற்கெனவே உள்ளவர்களைப் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா? இதில் நியாயம் தேடிக்கொண்டிருந்தால் அம்மாவுக்கு வயதுதான் ஏறும்.

சரி, உங்கள் வழிக்கு வருவோம். நீங்கள் இங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டும், அவர் உங்கள் தாய் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அவர் உங்களைச் சார்ந்து வாழ வேண்டும். சட்டம் கேட்பது இவற்றைத்தான். கேட்க எளிது. உங்கள் விஷயத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் வேலை. இருபது மணிநேர வேலை போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் யாராவது போதாது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். பகுதிநேர வேலையும், அது உண்மையான வேலையாக இருந்தால், ஒருவரைத் தொழிலாளி ஆக்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1982இலேயே லெவின் வழக்கில் சொல்லிவிட்டது. நெதர்லாந்தில் பகுதிநேரமாக வேலை செய்த ஒரு பெண்ணின் வழக்கு அது. தொழிலாளிக்கு இவ்வளவு வருமானம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் பணிப்புரை வைக்கவில்லை. வேலை செய்யாமல் இருப்பவர்களுக்குத்தான் போதிய பணமும் முழுமையான மருத்துவக் காப்புறுதியும் காட்டும்படி அது கேட்கிறது.

இதனால்தான் உங்கள் யோசனை எனக்குக் கவலையளிக்கிறது. அம்மா வந்ததும் வேலையை விட்டுவிடாதீர்கள். அம்மா இந்த நாட்டில் இருப்பதற்கான உரிமை உங்கள் உரிமையில் தொற்றிக்கொண்டு வருவது. உங்கள் உரிமையோ அந்த இருபது மணிநேர ஒப்பந்தத்தின்மேல் நிற்கிறது. கணவர் எவ்வளவு சம்பாதித்தாலும் அவர் ஜேர்மன் குடிமகன் என்பதால் இந்தக் கணக்கில் உங்கள் இடத்தை அவரால் நிரப்ப முடியாது. உங்கள் பிழையில்லாமல் வேலை போய், நீங்கள் வேலையற்றவராகப் பதிந்து தேடிக்கொண்டிருந்தால் தொழிலாளி நிலை தொடரும்; ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு பலமானது. நீங்களாக எழுதிக்கொடுத்து விலகினால் கதை வேறு. ஐந்து ஆண்டுகள் சட்டப்படி இங்கே வாழ்ந்து முடித்தால் உங்களுக்கு நிரந்தர உரிமை வந்துவிடும். அம்மாவும் வந்தபின் ஐந்து ஆண்டுகள் உங்களுடன் இருந்துவிட்டால் அவருக்கும் தனியாக வரும். அதுவரை வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சார்ந்து வாழ்தல். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன.

சார்ந்து வாழ்வது என்றால் படுத்த படுக்கையாக இருப்பது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது அண்ணாவின் சட்டம். உங்கள் சட்டத்தில் நோய் ஒரு பொருட்டே அல்ல. இல்லாத நோய்க்குச் சான்றிதழ் தேடி ஓட வேண்டாம். தாயின் அடிப்படைத் தேவைகள், அதாவது உணவு, இருப்பிடம், மருந்து போன்றவை, உங்கள் பண உதவி இல்லாமல் அவர் இருக்கும் நாட்டிலேயே நிறைவேறுமா என்பதுதான் இங்கே கேள்வி. சுவீடனில் தொழில் நடத்திய ஒரு ஜேர்மன் பெண்ணின் சீன மாமியார் தொடுத்த ஜியா வழக்கில் 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொருத்தமான எந்த ஆதாரத்தையும் கொடுக்கலாம். ஆனால் 'இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியை மட்டும் வைத்து, ஏற்கெனவே சார்ந்திருந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2014இல் ரெயெஸ் வழக்கு இன்னும் உதவியாக வந்தது. பிலிப்பைன்ஸில் இருந்த ஒரு வளர்ந்த மகளுக்கு ஐரோப்பாவில் உள்ள தாய் நீண்ட காலம் ஒழுங்காகப் பணம் அனுப்பியிருக்கிறார். அந்தப் பணம் அவருடைய வாழ்க்கைக்குத் தேவைப்பட்டது என்றால் அதுவே சார்பு. ஏன் வேலை தேடவில்லை, ஏன் அரசாங்க உதவி கேட்கவில்லை என்று தோண்டக் கூடாது என்றது நீதிமன்றம்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். உரிமை உங்களிடம் இருக்கிறது; ஒழுங்காகப் பணம் அனுப்பிய வங்கிப் பற்றுச்சீட்டு எல்லாம் அண்ணாவிடம் இருக்கிறது. தூதரகத்தில் அந்தக் கட்டை எடுத்து வைத்தால், அம்மா அண்ணாவைச் சார்ந்து வாழ்கிறார் என்று நீங்களே நிரூபித்ததாகிவிடும். நீங்களும் கொடுத்துத்தான் வந்திருக்கிறீர்கள். பாரிஸ் லா ஷப்பெல் தமிழ்க் கடையில் காசைக் கொடுத்தால் அன்று மாலையே அம்மாவின் கையில் சேர்ந்துவிடும்; வங்கியைவிடக் கூடுதல் பெறுமதி; ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் உண்டியல் காகிதமே இல்லாமல் நடப்பதற்காக ஏற்பட்ட முறை. அனுமதியில்லாமல் பணப்பரிமாற்றம் நடத்துவது இங்கே குற்றமும்கூட. உண்டியல்காரர் எழுதித் தந்த துண்டுச்சீட்டைச் சான்று என்று கொண்டுபோகாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இந்த மாதத்திலிருந்து அம்மாவின் அன்றாடச் செலவு உங்கள் பொறுப்பாகட்டும். உங்கள் பெயர் உள்ள கணக்கிலிருந்து, அது கணவருடன் கூட்டுக் கணக்காக இருந்தாலும் சரி, அம்மாவின் பெயரில் நெல்லியடியில் உள்ள வங்கிக் கணக்குக்கு, மாதத்தில் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே தொகை போகட்டும். அண்ணா அனுப்புவதை நிறுத்திவிட்டு, வீட்டுத் திருத்தவேலை, கோயில் உபயம், வேறு குடும்பக் கடன் போன்றவற்றை ஏற்றுக்கொள்ளலாம். இது உண்மையான பங்கீடாக இருக்க வேண்டும். அண்ணா உங்கள் கையில் காசைத் தந்து, நீங்கள் அதை அம்மாவுக்கு அனுப்பி, காகிதத்தில் மட்டும் பெயர் மாறுகிற வேலை வேண்டாம். இரண்டு வங்கிக் கணக்குகளையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும். எத்தனை மாதம் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. ஓராண்டாவது ஓடட்டும் என்பது என் எண்ணம். இரண்டு மாதப் பற்றுச்சீட்டோடு போய் நிற்பவரை யாரும் நம்பமாட்டார்கள்.

அனுப்புவதற்குச் சான்று பாதி. அது தேவைப்படுகிறது என்பதற்குச் சான்று மீதி. அம்மா வீட்டுச் செலவை ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அரிசி, காஸ் சிலிண்டர், மின்சாரக் கட்டணம், கிளினிக்கில் கொடுக்காமல் வெளியே வாங்கும் மாத்திரை, முற்றம் கூட்டவரும் பெண்ணுக்குக் கொடுப்பது, கிணற்று மோட்டார் திருத்தியது என்று ஒரு மாதத்துக்கு என்ன போகிறது என்று எழுதட்டும்; மின்சார பில்லையும் மருந்துக்கடை ரசீதையும் கிழித்தெறியாமல் வைக்கட்டும். அவருக்கு ஓய்வூதியமோ வேறு வருமானமோ இல்லை என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தி வாங்குங்கள். சிறு வருமானம் இருந்தால் மறைக்காதீர்கள். அதை வைத்து மாதம் ஓடாது என்று காட்டினால் போதும். வீடு சொந்தமாயிற்றே என்று பதற வேண்டாம். குடியிருக்கும் வீடு சோறு போடாது என்பது அதிகாரிக்கும் தெரியும். அந்த வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரில் உள்ள தாய்க்கு அனுப்பும் பணத்துக்கு ஜேர்மனியில் வருமானவரிச் சலுகை உண்டு. அண்ணா முழுநேர வேலை செய்பவர். அம்மாவைத் தாமே பராமரிப்பதாக வரிப் படிவத்தில் எழுதி, அம்மாவிடமும் கையொப்பம் வாங்கியிருப்பார். அந்தப் படிவத்தில் வேறு யாரும் பராமரிக்கிறார்களா என்றும் கேட்பார்கள். அங்கே ஒன்று, தூதரகத்தில் வேறொன்று என்று இருக்கக் கூடாது. அண்ணாவிடம் கேட்டு, இந்த ஆண்டிலிருந்து உண்மை நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இனி அந்தச் சலுகையை நீங்கள் கோரலாம். 2025 வரியாண்டிலிருந்து வங்கிவழி அனுப்பிய பணத்தை மட்டும்தான் ஏற்கிறார்கள் என்பதால் உண்டியலை விடுவதற்கு இன்னொரு காரணமும் கிடைக்கிறது.

மூன்றாவது, அவர் உங்கள் தாய் என்பது. சிரிக்காதீர்கள். நம்மவர்களுக்கு இது சாதாரண விஷயமாக முடிவதே இல்லை. உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அம்மாவின் கடவுச்சீட்டையும் உங்கள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அம்மாவின் பெயர் ஒன்றில் 'பி'யாலும் இன்னொன்றில் 'வி'யாலும் தொடங்கும். ஒன்றில் அப்பாவின் பெயரோடு இருக்கும், ஒன்றில் தாத்தாவின் பெயரோடு இருக்கும். பிரான்ஸில் உங்களுடைய அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, உங்கள் பெயரைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். குடியுரிமை பெற்றபோது உங்கள் பிறப்புப் பதிவை நாந்த் நகரத்தில் உள்ள பிரெஞ்சுக் குடிமைப் பதிவு மைய அலுவலகம் புதிதாக எழுதியிருக்கும். அங்கிருந்து ஒரு முழுப் பிரதியை இப்போதே எடுப்பியுங்கள். அதில் தாயின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அம்மாவின் கடவுச்சீட்டோடு பொருந்தாவிட்டால், எதைத் திருத்துவது எளிது என்று முடிவுசெய்யலாம். பல நேரங்களில் பிரெஞ்சுப் பதிவைத் திருத்துவதைவிட, ஒரே ஆள்தான் என்று ஊரில் சத்தியக்கடதாசி முடித்து, அம்மாவின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது வேகமாக முடியும். எல்லாவற்றுக்கும் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஆவணங்கள் கூடியபின் அம்மா கொழும்பில் உள்ள ஜேர்மன் தூதரகத்தில் விண்ணப்பிக்கட்டும். எந்த விசா என்பதில் தவறக் கூடாது. மறுபடி சுற்றுலா விசாவுக்குப் போட்டு, வந்தபின் இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். திரும்பிப் போவேன் என்று கையொப்பமிட்டுவிட்டுத் திரும்பாமல் இருப்பதற்கு அவசியமே இல்லாத இடத்தில் ஏன் பொய் சொல்ல வேண்டும்? 'ஐரோப்பிய ஒன்றியக் குடிமகளின் குடும்ப உறுப்பினர், 2004/38 பணிப்புரையின்படி' என்று விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இந்த விசா இலவசம். விரைவு நடைமுறையில் தர வேண்டும் என்பதும் பணிப்புரையின் 5ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அம்மா உங்களுடன் தங்கிவிட எண்ணுவது மறுப்பதற்குக் காரணமாகாது, ஏனென்றால் அவர் வருவதே அதற்காகத்தான். பொறுப்பேற்புப் பத்திரம், சம்பளத் தொகை, ஹோட்டல் பதிவு எதையும் கேட்க இடமில்லை. ஜேர்மன் மொழி ஏ1 பரீட்சையும் அம்மாவுக்கு இல்லை. அது கணவன் மனைவி விசாவோடு வரும் தலைவலி. சென்ற ஆண்டு மறுக்கப்பட்டதை ஒளிக்காமல் குறிப்பிடுங்கள். அது வேறு சட்டத்தின்கீழ் வேறு கேள்விக்குக் கிடைத்த பதில்.

வந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடும்ப உறுப்பினருக்கான குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததற்கான சான்று உடனே கையில் கிடைக்க வேண்டும், அட்டை ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் 36ஆம் பிரிவுப் படிவத்தை எடுத்து நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஐரோப்பியக் குடிமக்களின் சுதந்திர நடமாட்டச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறோம் என்று மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். அந்த அலுவலகங்களுக்கு ஆண்டு முழுவதும் வருகிற பெற்றோர் விண்ணப்பம் பெரும்பாலும் மற்ற வகையாக இருப்பதால் கை தானாக அந்தப் படிவத்துக்குப் போகும்.

இனி மருத்துவக் காப்புறுதி. குடும்பத்தில் உண்மையான தலைவேதனை இதுவாகத்தான் இருக்கப்போகிறது. தொழிலாளியின் தாய் என்ற முறையில் அம்மாவிடம் காப்புறுதியைக் குடியிருப்பு உரிமைக்கு நிபந்தனையாக வைக்க முடியாது. ஆனால் 71 வயதுக்காரருக்குக் காப்புறுதி இல்லாமல் இந்த நாட்டில் இருப்பது நடக்கிற காரியமா? உங்கள் காப்புறுதியில் கணவனும் பிள்ளைகளும் இலவசமாகச் சேரலாம், பெற்றோர் சேர முடியாது. 55 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுக் காப்புறுதியின் வாசல் மிகக் குறுகலானது. வேறு எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இங்கே வாழ்பவர்களுக்கான கட்டாயப் பாதுகாப்புப் பிரிவின்கீழ், தொழிலாளியின் குடும்ப உறுப்பினர் என்று குறிப்பிட்டு, உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தொலைபேசியில் 'முடியாது' என்பார்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. எழுத்தில் தரும் முடிவை மட்டுமே சமூக நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அது கைகூடாவிட்டால் தனியார் நிறுவனங்கள் மறுக்க முடியாத அடிப்படைத் திட்டம் ஒன்று இருக்கிறது; மாதம் பல நூறு யூரோ போகும். மூன்று பிள்ளைகளும் எப்படிப் பங்கிடுவது என்பதை அம்மா விமானம் ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். அண்ணாவின் பெரிய சம்பளத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. அதை அவரிடம் சொன்னால் மனம் ஆறுவார் என்று நினைக்கிறேன்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை விடாமலே ஜேர்மன் குடியுரிமை எடுக்கலாம் என்பதால் பலருக்கு ஆசை வந்திருக்கிறது. உங்களுக்கு அதனால் பலம் கூடாது. இங்கே உங்களுக்கு உதவுவதே நீங்கள் ஜேர்மன் குடிமகளாக இல்லாததுதான். இடம்பெயர்ந்து வந்தவர் பிறகு அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றால், குடும்பத்துக்குக் கிடைத்த உரிமை பறிபோகாது என்று 2017இல் லூனெஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனாலும் அதை ஒவ்வொரு மேசையிலும் எடுத்துச்சொல்லி வாதாட வேண்டிவரும். அம்மாவின் அட்டை கைக்கு வரும்வரை பொறுங்கள். அதன்பிறகு சிவப்புக் கடவுச்சீட்டை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்தால்? காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். விசா மறுப்புக்கு எதிராகத் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் பழைய முறையை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இப்போது பேர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத்தான். கடிதத்தின் அடியில் மேல்முறையீட்டுக் குறிப்பு இருந்தால் ஒரு மாதம்தான் அவகாசம். அதோடு, அரச அலுவலகங்கள் ஐரோப்பியச் சட்டத்தைத் தவறாகக் கையாளும்போது தலையிடும் 'சோல்விட்' என்ற இலவச ஐரோப்பியச் சேவைக்கும் எழுதலாம். நீதிமன்ற அவகாசத்தை அது நிறுத்தாது, எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

அண்ணாவுக்கு வழியே இல்லையா என்று கேட்பார். உண்டு, ஆனால் சுற்றுவழி. அவர் எல்லை தாண்டி நெதர்லாந்திலோ பெல்ஜியத்திலோ உண்மையாகவே குடியேறி, அம்மாவை அங்கே கூப்பிட்டு, மூன்று மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, பிறகு ஜேர்மனிக்குத் திரும்பினால், அம்மாவும் ஐரோப்பியச் சட்டத்தின் நிழலில் கூடவரலாம். முகவரியை மட்டும் மாற்றிவிட்டு இங்கேயே தூங்கினால் பிடிபடுவார். நீங்கள் இருக்கும்போது அவர் ஏன் அந்தப் பாடு பட வேண்டும்?

இதை வாசிக்கும் மற்ற நாட்டு உறவுகளுக்கு இரண்டு வரி. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், அங்கே வேலை செய்யும் பிரெஞ்சு, ஜேர்மன் குடிமக்களுக்கு ஒப்பந்தங்களின்வழி ஏறக்குறைய இதே உரிமை உண்டு. பிரித்தானியாவில் 2012 ஜூலையிலிருந்து பெற்றோர் விதி அண்ணாவின் விதியைப் போலவே கடுமையானது; ஒன்றியத்தைவிட்டு விலகியபின் அங்கே புதிதாகக் குடியேறுபவர்களுக்கு நான் மேலே சொன்ன வழி கிடையாது. பிரான்ஸிலேயே இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு, தங்களைச் சார்ந்து வாழும் பெற்றோரைக் கூப்பிட அந்த நாட்டுச் சட்டத்திலேயே தனி விசாவும் பத்தாண்டு அட்டையும் இருக்கின்றன. அதிலும் பணம் அனுப்பிய சான்றுதான் உயிர்நாடி.

உங்கள் கடிதத்தில் உங்கள் எண்ணமும் அண்ணாவின் எண்ணமும் கணவரின் எண்ணமும் இருக்கின்றன. அம்மா என்ன சொல்கிறார் என்பது இல்லை. வேலி ஓரத்தில் நின்று பக்கத்து வீட்டாரோடு பேசிப் பொழுது போக்கியவர், ஜனவரி மாதத்தில் மூன்றாம் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் எப்படி இருப்பார் என்று யோசித்தீர்களா? ஹம் காமாட்சி அம்பாள் கோயில் உங்களுக்குப் பக்கம்தான். ஆனாலும் அது வாரத்தில் ஒரு நாள். நல்லவேளையாக இந்தச் சட்டம் அவரைக் கட்டிப்போடுவதில்லை. ஆண்டுக்கு ஆறு மாதம்வரை வெளியே இருந்தாலும் அட்டை செல்லும். வீட்டை விற்க எந்த அவசியமும் இல்லை, விற்கவும் வேண்டாம். செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய், மாரி முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, இங்கே திரும்பிவரலாம். ஆறு மாதத்தை மட்டும் தாண்டக் கூடாது, நிரந்தர உரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கும் அதனால் முறியும்.

நாந்த் பதிவுப் பிரதியும், அம்மாவின் பெயரில் உள்ள எல்லா ஆவணங்களின் படங்களும், அண்ணாவின் கடைசி வரிப் படிவமும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள். அதற்குள் அம்மாவை வங்கிக்கு அனுப்பி, கணக்கில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறாக இருந்தால், முதல் தவணையை அனுப்புவதற்கு முன்பே அதைத் திருத்திவிட வேண்டும்.